தேனீ விஷம் மார்பகப் புற்றுநோயைக் கொல்லுமா? பெப்டைடு பற்றி ஒரு நீள இழை

அரூர் வாசகர், 2 மார்ச் 2025

அண்ணா, பெப்டைடு கம்பெனியில வேலைன்னு முன்ன எழுதியிருந்தீங்க, அதான் கேக்கறேன். பெரியம்மாவுக்கு 52 வயசு. மார்பகப் புற்றுநோய், டிரிப்பிள் நெகட்டிவ்னு ரிப்போர்ட். ஆபரேஷன் ஆயிடுச்சு, பெங்களூருல கீமோ ஓடுது. முடி போச்சு, வாயெல்லாம் புண்ணு, களி கூட இறங்கல. இப்ப குடும்ப குரூப்புல ஒரு செய்தி சுத்துது. "தேனீ விஷத்தில் உள்ள பெப்டைடு 60 நிமிடத்தில் மார்பகப் புற்றுநோயை நூறு சதவீதம் அழிக்கும். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு. மருந்து கம்பெனிகள் மறைக்கின்றன." தேனீயைப் பிடிச்சுக் கொட்ட வைக்கிற ஆள் ஒருத்தர் பக்கத்து ஊர்ல இருக்காராம். மாமா கூட்டிட்டுப் போகலாம்ங்கறாரு. கீமோவை நிறுத்திட்டு இதைப் பாக்கலாமா?

2 மார்ச், ராத்திரி

கீமோவை நிறுத்தாதீங்க தம்பி. அதை முதல்ல மாமாகிட்ட சொல்லிட்டு வாங்க. மீதி நாளைக்கு. செய்தி முழுப் பொய் இல்லைங்கறதுதான் இதுல தொல்லையே. முழுப் பொய்யா இருந்தா ஒரு வரியில முடிச்சிருப்பேன்.

3 மார்ச்

ஆராய்ச்சி நிஜம். மேற்கு ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல ஹாரி பெர்கின்ஸ் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்னு ஒண்ணு இருக்கு. அங்கே சியாரா டஃபியும் அவங்க குழுவும் செஞ்சது, 2020 செப்டம்பர்ல வெளிவந்தது. பெர்த், அயர்லாந்து, இங்கிலாந்துன்னு மூணு இடத்துல இருந்து 312 தேனீ, பம்பிள்பீ (தேனீயோட பருத்த உறவுக்காரப் பூச்சி) பிடிச்சு விஷம் எடுத்தாங்க. தேனீ விஷத்துல பாதிக்குப் பாதி மெலிட்டின்னு ஒரு பெப்டைடு. புரதத்தோட செங்கல்களான அமினோ அமிலம் 26ஐ வரிசையா கோத்தது, அவ்வளவுதான். ஆய்வகத்துல வளர்த்த மார்பகப் புற்றுநோய் செல்கள் மேல அதைப் போட்டுப் பாத்தாங்க. டிரிப்பிள் நெகட்டிவ் (செல்லுக்குச் சமிக்ஞை வாங்கித் தர்ற ஏற்பிகள்ல ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பி இல்லாம, ஹெர்2 ஏற்பியும் அதிகமில்லாத வகை), ஹெர்2 அதிகமா இருக்கிற வகை, இந்த ரெண்டும் மத்ததைவிட சீக்கிரம் செத்துச்சு. செல்லோட மேல்சவ்வு ஒரு மணி நேரத்துக்குள்ள கிழிஞ்சு போச்சு. உங்க குரூப்புல வந்த 60 நிமிடம் அங்கே இருந்து வந்ததுதான். பம்பிள்பீ விஷத்துல மெலிட்டின் கிடையாது. அது போட்டதுல செல்லு பெருசா அசையல.

இன்னொண்ணும் பாத்தாங்க. புற்றுநோய் செல்லை "வளரு வளரு"ன்னு தூண்டுற ஹெர்2, ஈஜிஎஃப்ஆர் ஏற்பிகள் செல்லோட வெளிச்சவ்வுல உக்காந்திருக்கும். சவ்வு கிழியறதுக்கு முன்னாடியே, 20 நிமிஷத்துலயே, அந்தத் தூண்டல் தணிஞ்சிடுது. எனக்கு இதுதான் அந்த ஆராய்ச்சியில ருசியான பகுதி. வாட்ஸ்அப்ல இதை யாரும் எழுதல.

எலிகள்லயும் பாத்தாங்க. மெலிட்டினோட டோசிடாக்சலும் சேத்துக் கொடுத்தப்ப கட்டி வளர்ச்சி குறைஞ்சது. டோசிடாக்சல் என்னன்னு கவனிங்க. அது கீமோ மருந்து! கீமோவை நிறுத்தச் சொல்லி வந்த செய்திக்கு மூலமான ஆராய்ச்சி, கீமோவோட சேத்துக் கொடுத்தா நல்லா வேலை செய்யுதுங்கறதைத்தான் சொல்லுது.

ஆய்வகத்துல செயற்கையா செஞ்ச மெலிட்டினும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செஞ்சதுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அப்புறம் தேனீ எதுக்கு?

மனுஷங்களுக்குக் கொடுத்து அவங்க பாக்கவே இல்லை.

5 மார்ச்

"பெட்ரி தட்டுல வேலை செஞ்சா உடம்புலயும் கொஞ்சமாவது செய்யாதா, நாலு கொட்டு வாங்கினா என்ன போச்சு"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம்.

ஒரு தேனீ ஒரு தடவை கொட்டினா 50ல இருந்து 140 மைக்ரோகிராம் விஷம் இறங்கும். நூறுன்னு வச்சுக்கலாம். அதுல பாதி, 50 மைக்ரோகிராம், மெலிட்டின். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு ரத்தம் சுமாரா மூணரை லிட்டர். கொட்டினது மொத்தமும் தோல்ல தங்காம, திசுவுல ஒட்டாம, அப்படியே ரத்தத்துல கலந்துச்சுன்னே வைங்க (நடக்காது). ஒரு மில்லிக்கு 0.014 மைக்ரோகிராம் வரும். தட்டுல செல்லைக் கொல்லத் தேவைப்பட்டது ஒரு மைக்ரோமோலாரை (கரைசலோட செறிவைச் சொல்ற அலகு) ஒட்டின அளவு. மெலிட்டினோட மூலக்கூறு எடையை வச்சுப் பாத்தா மில்லிக்கு கிட்டத்தட்ட 2.8 மைக்ரோகிராம். இருநூறு மடங்கு இடிக்குது.

அதாவது ஒரே நேரத்துல இருநூறு தேனீ கொட்டணும். மலைத்தேனீ கூடு கலைஞ்சு சில நூறு கொட்டு வாங்கினவங்களுக்கு சிறுநீரகம் நின்னு உயிரே போயிருக்கு, மருத்துவ ஏடுகள்ல பதிவாகியிருக்கு. காரணமும் அதே மெலிட்டின்தான். அதுக்குப் புற்றுநோய் செல், ரத்தச் சிவப்பணு, தசைன்னு பெருசா பாகுபாடு கிடையாது. சிவப்பணுவோட சவ்வையும் அதே மாதிரி கிழிக்கும். உள்ளே இருக்கறது வெளியே கொட்டி சிறுநீரகத்தைப் போய் அடைக்கும்.

நாலு கொட்டுக்கு இந்த ஆபத்து இல்லை. நாலு கொட்டுக்கு வேற ஆபத்து. 2018ல ஸ்பெயின்ல இருந்து வந்த மருத்துவ அறிக்கை ஒண்ணு. 55 வயசுப் பெண், தசை இறுக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் ரெண்டு வருஷமா தேனீக் கொட்டு வைத்தியம் எடுத்தவங்க. அதுவரைக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு நாள் ஒரே ஒரு கொட்டு. ஒவ்வாமை அதிர்ச்சியில மயங்கினவங்க பிழைக்கல. "நாங்க போன மாசம் பண்ணினோம், ஒண்ணும் ஆகல"ன்னு அந்த ஆள் சொன்னா இதைச் சொல்லுங்க.

6 மார்ச்

"எங்க தோட்டத்துல கொசுத்தேனீ இருக்கு, அதை வச்சு வைத்தியம் பண்ணலாமா" - கேட்டவர் கிண்டலுக்குத்தான் கேட்டார்னு நம்பறேன். கொசுத்தேனீக்குக் கொடுக்கே கிடையாதுங்க. பாதுகாப்புன்னு பாத்தா மொத்த இழையிலயும் இதுதான் சிறந்த வைத்தியம், என் ஓட்டு இதுக்கே.

9 மார்ச், ஞாயிறு

மேல எழுதினதைப் படிச்சா பெப்டைடுன்னாலே ஏமாத்துன்னு ஒரு வாடை அடிக்குது. அப்படி விட்டுட்டா நான் செய்யற தொழிலுக்கே நான் செய்யற துரோகம். பெப்டைடு ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வார்டுக்குள்ள வந்து பல வருஷம் ஆச்சு. யாரும் அந்தப் பேர்ல கூப்பிடறதில்லை.

எங்க அண்ணி கிருஷ்ணகிரியில இருக்காங்க. ஹார்மோன் பாசிட்டிவ் வகை, மாதவிடாய் நிக்காத வயசு. 28 நாளைக்கு ஒருக்கா வயித்துல ஒரு ஊசி. அவங்க வாயில அது "வயித்து ஊசி". ரிப்போர்ட்ல கோசெரெலின் 3.6 மி.கி. ஒரு தடவை துணைக்குப் போயிருந்தேன். நர்சம்மா ஊசியைப் பிரிச்சதும் அண்ணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க, ஏன்னா ஊசி அவ்வளவு தடி. சிரிஞ்சுல மருந்துத் தண்ணியே இல்லை. பக்கவாட்டு ஜன்னல் வழியா பாத்தா ஒரு மில்லிமீட்டர் தடிமன்ல வெளுத்த குச்சி ஒண்ணு தெரியும். தொப்புளுக்குக் கீழ தோலை மடிச்சுப் பிடிச்சு அந்தக் குச்சியை உள்ளே தள்ளிடறாங்க. தானா கரையற தையல் நூல் எந்த வகைப் பொருளோ அதே வகையில செஞ்ச குச்சி. அது மெதுவா கரையக் கரைய உள்ளே இருக்கிற மருந்து நாலு வாரத்துக்குக் கசியும்.

அந்த மருந்து, பத்தே பத்து அமினோ அமிலம் உள்ள பெப்டைடு. "இது நான் ரெண்டு ஷிப்டு நின்னு செய்யற மாதிரியான சரக்குதான்"னு சொன்னேன். "அப்ப வலிக்காத மாதிரி செய்யக் கூடாதா?"ன்னாங்க. ஊசியோட தடிமனுக்கும் பெப்டைடுக்கும் சம்பந்தம் இல்லைன்னு விளக்க ஆரம்பிச்சேன். அண்ணன் முறைச்சார். நிறுத்திட்டேன்.

இது வேலை செய்யற விதம் விசித்திரம். மூளைக்கு அடியில ஹைப்போதலாமஸ் ஒரு சின்ன ஹார்மோனை விட்டு விட்டு அனுப்பும். அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்டும், சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். ஹார்மோன் பாசிட்டிவ் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன்தான் தீனி. கோசெரெலின் அந்த முதல் ஹார்மோனோட நகல். நகலைக் கொடுத்தா ஈஸ்ட்ரோஜன் கூடத்தானே செய்யணும்? முதல்ல சில நாள் கூடத்தான் செய்யும். ஆனா வாசல்ல ஒருத்தன் காலிங் பெல்லை விடாம அமுக்கிக்கிட்டே இருந்தா உள்ளே இருக்கறவங்க ஒயரைப் பிடுங்கிடுவாங்க இல்லையா, பிட்யூட்டரி அதைத்தான் செய்யுது. ஏற்பியை உள்ளே இழுத்துக்குது. சில வாரத்துல சினைப்பை அடங்கிடும். அண்ணிக்கு ராத்திரியில திடீர்னு உடம்பெல்லாம் கொதிச்சு வேர்க்குது, கிருஷ்ணகிரி மார்கழியிலயும் ஃபேன் ஓடுது. அதனாலதான்.

அந்த மூல ஹார்மோனை அடையாளம் கண்டுபிடிச்ச கதை பெரிய குடுமிப்பிடி. ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளை வாங்கினார், ரோஜர் கில்மின் ஆட்டு மூளைகளை வாங்கினார். லட்சக்கணக்குல. கசாப்புக் கூடத்துல இருந்து டன் கணக்குல வந்ததை அரைச்சுப் பிரிச்சு, கடைசியில கையில நின்னது மில்லிகிராம் கணக்கு. ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காது. 1971ல அமைப்பு வெளிவந்தது. 1977ல நோபல் பரிசை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்க வேண்டியதாச்சு, கூட ரோசலின் யாலோவும். ரெண்டு பேரும் 2024லதான் காலமானாங்க, ஒரே வருஷத்துல.

இயற்கையான அந்த ஹார்மோனை அப்படியே ஊசியா போட்டா பிரயோஜனம் இல்லை. ரத்தத்துல அதோட ஆயுசு சில நிமிஷம். நொதிகள் வெட்டிடும். அதனால 6ஆவது இடத்துல இருந்த கிளைசின்ங்கற அமினோ அமிலத்தை எடுத்துட்டு செரினோட கண்ணாடிப் பிம்ப வடிவத்தை வச்சாங்க. 10ஆவது இடத்துலயும் ஒரு மாத்தம். வெட்ட வர்ற நொதிக்கு அந்தப் பிம்பத்தைப் பிடிக்கத் தெரியாது. ஆயுசு நிமிஷத்துல இருந்து மணிக் கணக்குக்கு ஏறுச்சு, மீதியைக் குச்சி பாத்துக்குது. ரெண்டு இடத்துல கை வச்சதுல ஹார்மோன் மருந்தாச்சு.

உங்க பெரியம்மாவுக்கு இது பொருந்தாது தம்பி. டிரிப்பிள் நெகட்டிவ்ல ஈஸ்ட்ரோஜன் ஏற்பியே இருக்காது. ஆனா டிரிப்பிள் நெகட்டிவ் உள்ள இளம் பெண்கள் யாராவது இதைப் படிச்சா: 2015ல வந்த ஒரு பெரிய ஆய்வுல கீமோவோட சேத்து இதே ஊசியைப் போட்டப்ப, கீமோவால சினைப்பை செயலிழந்தவங்க நூத்துக்கு 22ல இருந்து 8ஆக் குறைஞ்சாங்க. குழந்தை வேணும்னு நினைக்கறவங்க கீமோ தொடங்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேக்கணும். தொடங்கின பிறகு கேட்டா நேரம் போயிடும்.

11 மார்ச்

"புது பெப்டைடை எப்படித்தான் கண்டுபிடிக்கறாங்க, எல்லாத்தையும் பூச்சியில இருந்தா?"

பூச்சியில இருந்தும்தான். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டு போறவங்க இங்கே ரெண்டு பேர் இருக்கீங்கன்னு தெரியும், உங்களுக்காக ஒண்ணு. புழுவுக்குக் கிருமி தொத்தினா மனுஷன் மாதிரி எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) செய்யத் தெரியாது. பதிலுக்கு செக்ரோபின்னு ஒரு பெப்டைடை ரத்தத்துல அவிழ்த்துவிடும். 1981ல ஸ்வீடன்ல ஹான்ஸ் போமன் குழு இதை ஒரு காட்டுப் பட்டுப்பூச்சியில கண்டுபிடிச்சாங்க. நம்ம மல்பெரிப் பட்டுப்புழுகிட்டயும் அதோட வகைகள் இருக்கு. பாக்டீரியாவைக் கொல்லப் பிறந்ததைப் புற்றுநோய் செல் மேலயும் போட்டுப் பாக்கறாங்க, அங்கேயும் சவ்வைத் துளைக்குது. 1987ல மைக்கேல் சாஸ்லாஃப் தவளைத் தோல்ல மகைனின் கண்டுபிடிச்சார். அதுவும் இதே சாதி.

இதுகளெல்லாம் ஏன் புற்றுநோய் செல்லைத் தேடிப் போகுது? மின்னேற்றம். இந்தப் பெப்டைடுகள்ல லைசின், ஆர்ஜினின்ங்கற அமினோ அமிலங்கள் நிறைய, அதனால நேர்மின். நல்ல செல் தன் எதிர்மின் கொழுப்பை (பாஸ்பாடிடைல்செரின்) சவ்வோட உள்பக்கம் மறைச்சு வச்சிருக்கும். புற்றுநோய் செல்லுல அது கணிசமா வெளிப்பக்கம் வந்துடும். நேரும் எதிரும் ஒட்டிக்கும். ஒட்டற அளவுலதான் வித்தியாசம், ஆமா இல்லைன்னு கோடு போட்ட வித்தியாசம் இல்லை. அதனாலதான் மருந்து அளவைக் கொஞ்சம் கூட்டினாலும் நல்ல செல்லும் அடிபடுது.

பூச்சியைத் தொடாத வழியும் இருக்கு. பாக்டீரியாவைத் தாக்கற ஒரு வைரஸோட முதுகுல வெவ்வேற பெப்டைடை முளைக்க வைக்கலாம், ஒவ்வொரு வைரஸுக்கும் ஒவ்வொண்ணு, மொத்தம் நூறு கோடிக்கும் மேல. ஜார்ஜ் ஸ்மித் 1985ல காட்டின வித்தை, 2018ல நோபல் வாங்கிச்சு. அந்தக் கூட்டத்தை ஹெர்2 ஒட்டின தட்டு மேல ஊத்தணும். ஒட்டாததைக் கழுவி விடணும், ஒட்டினதை மட்டும் பெருக்கி மறுபடி ஊத்தணும். நாலஞ்சு சுத்துக்கு மேல தங்கறது எதுவோ அது ஹெர்2வைப் பிடிக்கத் தெரிஞ்ச பெப்டைடு. எதைத் தேடறோம்னு தெரியாமலே தேடி எடுக்கலாம்ங்கறது இதுல அழகு.

மூணாவது, கம்ப்யூட்டர். நம்ம நாட்டுலயே சண்டிகர்ல ஜி.பி.எஸ். ராகவா குழு 2013ல ஆன்டிசிபின்னு ஒண்ணு வச்சாங்க. அமினோ அமில வரிசையைக் கொடுத்தா புற்றுநோயை எதிர்க்க வாய்ப்பு உண்டான்னு சொல்லும். 2015ல கேன்சர்பிபிடின்னு ஒரு தரவுத்தளம், அதுல 3,400க்கும் மேல பதிவுகள். ரெண்டும் இலவசம். ஓசூர்ல ஒரு கல்லூரிப் பையன் லேப்டாப்பை வச்சுக்கிட்டே இன்னைக்கு ராத்திரி புது பெப்டைடு "கண்டுபிடிக்கலாம்". மேற்கோள் குறி வேணும்னேதான் போட்டேன்.

12 மார்ச்

மேல சொன்ன பையன்களோட வரிசையை நிஜச் சரக்கா ஆக்கிக் கொடுக்கறதுதான் என் வேலை, அதனால கொஞ்சம் புலம்பிக்கறேன். கம்ப்யூட்டர் ஒரு வினாடியில சொல்ற வரிசையைச் செய்ய எங்களுக்கு நாள் கணக்காகும். புரூஸ் மெரிஃபீல்டு 1963ல சொல்லிக் கொடுத்த முறைதான் இன்னைக்கும். ரெசின் (பிசின்) மணிகள் மேல ஒவ்வொரு அமினோ அமிலமா ஒட்டணும், கழுவணும், அதோட முனையில இருக்கிற பாதுகாப்பு மூடியை எடுக்கணும், அடுத்ததை ஒட்டணும். மூடி எடுக்கற பிப்பெரிடினோட நாத்தம் சட்டையில ஏறினா ஓசூர் பஸ்ல பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கும்.

ஒட்டிச்சா இல்லையான்னு பாக்க ஒரு சோதனை உண்டு. பத்துப் பதினஞ்சு மணியைச் சின்னக் கண்ணாடிக் குழாயில எடுத்து, நின்ஹைட்ரின் கரைசல் ரெண்டு மூணு சொட்டு விட்டு சூடு பண்ணணும். மணி நிறமில்லாமலோ மஞ்சளாவோ நின்னா ஒட்டிடுச்சு. கருநீலமா மாறினா ஒட்டல, திரும்ப செய். சில இடங்கள்ல, வாலின், ஐசோலூசின் அடுத்தடுத்து வர்ற இடத்துல, ராத்திரி ஷிப்டு முழுக்க நீலமாவே காட்டும். கடைசியில அமிலத்துல மணியில இருந்து அறுத்து, ஐஸ் போட்ட ஈதர்ல சொட்டுச் சொட்டா விட்டா வெள்ளையா திரண்டு இறங்கும். அந்த நிமிஷம் மட்டும் எத்தனை வருஷம் ஆனாலும் நின்னு பாப்பேன்.

16 மார்ச்

"இத்தனை பெப்டைடு இருந்தும் கடையில ஏன் இல்லை, அப்ப கம்பெனி மறைக்கறது நிஜம்தானே?"

எதையும் மறைக்கல. தோத்ததைக் கூட ஊரறிய அச்சுல போட்டு வச்சிருக்காங்க. நியூவாக்ஸ்னு ஒரு பெப்டைடு தடுப்பூசி. ஹெர்2 புரதத்துல இருந்து 9 அமினோ அமிலத்தைக் கிள்ளி எடுத்து, அதை நோய் எதிர்ப்பு செல்லுக்குக் காட்டிப் பழக்கி, சிகிச்சை முடிஞ்ச பெண்களுக்கு நோய் திரும்பாம தடுக்கலாம்னு திட்டம். ஆரம்பக் கட்ட முடிவுகள் ஆசை காட்டிச்சு. 758 பெண்கள் சேந்த மூணாம் கட்ட ஆய்வை 2016ல பாதியில நிறுத்தினாங்க. தொடர்ந்தாலும் பலன் தெரியாதுன்னு கணக்கு சொல்லிடுச்சு. மறைக்கிற கம்பெனி இவ்வளவு பணத்தைப் போட்டுட்டு சந்தி சிரிக்க ஏன் தோக்கணும்?

மத்ததெல்லாம் இன்னும் முன்னாடியே விழுந்துடும். நான் நேர்ல பாக்கறதைச் சொல்றேன். புது பெப்டைடு செஞ்சா அதை மனித ரத்த சீரத்துல கலந்து 37 டிகிரியில வைப்போம். குறிச்ச நேரத்துக்கெல்லாம் கொஞ்சம் எடுத்து எச்பிஎல்சின்னு கலவையைப் பிரிச்சுக் காட்டற கருவியில விடுவோம். திரையில முதல்ல ஒரே ஒரு உயரமான கோபுரம், அதுதான் முழுப் பெப்டைடு. அடுத்த தடவை அது குட்டையாகி பக்கத்துல ரெண்டு சின்னது முளைச்சிருக்கும். அப்புறம் அஞ்சாறு. சில சரக்குக்கு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள கோபுரமே இருக்காது. வரிசை அனுப்பின ஆராய்ச்சி மாணவிக்கு அந்தப் படத்தை அனுப்பறது எனக்குப் பிடிக்காத வேலை. அந்தப் பொண்ணு அதே பெப்டைடை செல் மேல போட்டு அருமையான முடிவு எடுத்து வச்சிருக்கும்.

நொதிகிட்ட தப்பிச்சா சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளும். வாய் வழியா கொடுத்தா வயிறு அதைச் சோத்துல இருக்கிற புரதமா நினைச்சு செரிச்சிடும். தட்டுல வெட்டற நொதி இல்லை, வடிகட்டற சிறுநீரகமும் இல்லை. அதனால அங்கே எல்லாமே ஜெயிக்கும்.

பெர்த் குழுவுக்கும் இது தெரியும். அவங்க மெலிட்டினோட ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம்னு மூணைச் சேத்து ஒட்டிப் பாத்தாங்க. சில புற்றுநோய் செல்கள் மேல நிறைய இருக்கிற இன்டெக்ரின்ங்கற புரதங்களைப் பிடிக்கிற மூணு அது. நல்ல செல்லுக்கு அடி குறைஞ்சது. சரியான திசை. மருந்துக்கடை இன்னும் தூரத்துல இருக்கு.

19 மார்ச்

நேத்து பஸ்ல யோசிச்சுக்கிட்டு வந்தேன். "நொதி வெட்டிடும், அதனால பெப்டைடு தோக்குது"ன்னு மேல அடிச்சு விட்டிருக்கேன். அது பாதிக் கதைதான். வெட்டுப்படறதையே வேலையா வச்சுக்கிட்ட பெப்டைடும் ஒண்ணு இருக்கு, இன்னைக்கு மார்பகப் புற்றுநோய்ல பேரு போடற மருந்துக்குள்ளயே இருக்கு.

டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டீகான். 2019 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. ஹெர்2வைப் பிடிக்கிற ஆன்டிபாடி ஒரு முனையில, கடுமையான கீமோ சரக்கு இன்னொரு முனையில. ரெண்டையும் கட்டற கயிறு, கிளைசின், கிளைசின், ஃபீனைல் அலனின், கிளைசின். நாலே நாலு அமினோ அமிலம். ரத்தத்துல போறப்ப அந்தக் கயிறு தாங்கும். ஆன்டிபாடி புற்றுநோய் செல்லைப் பிடிச்சு, செல் அதை உள்ளே விழுங்கினதும், லைசோசோம்ல (செல்லோட செரிமானப் பை) இருக்கிற கெதெப்சின் நொதி கயிறைச் சரியா வெட்டும். சரக்கு அங்கே அவிழும்.

நாங்க வருஷக் கணக்கா வெட்டுப்படாம இருக்கத்தான் படாத பாடு படறோம். இங்கே ஒருத்தன் எங்கே வெட்டுப்படணும்னு குறிச்சு வச்சு ஜெயிச்சிருக்கான். 26 அமினோ அமிலம் சவ்வைக் கிழிச்சுக் காட்டற படம் பேப்பர்ல வரும். இந்த நாலு அமினோ அமிலத்தைப் பத்தி யாரும் ஃபார்வர்டு பண்ண மாட்டாங்க. ஆனா நோயாளி உடம்புக்குள்ள போய் வேலை செஞ்சது இதுதான்.

அரூர் தம்பிக்கு ஒண்ணு. டிரிப்பிள் நெகட்டிவ்னு எழுதின ரிப்போர்ட்ல ஹெர்2 பக்கத்துல 0ன்னு இருக்கா, 1+னு இருக்கா பாருங்க. முன்னாடி ரெண்டுமே நெகட்டிவ்தான், யாரும் பிரிச்சுப் பாக்கல. 2022ல வந்த ஆய்வுக்கு அப்புறம் 1+ உள்ளவங்களுக்கு, நோய் வேற இடத்துக்குப் பரவின நிலையில, இந்த மருந்து ஒரு வழியா ஆகியிருக்கு. பெரியம்மாவுக்கு இப்ப அது தேவைப்படற நிலை இல்லை, தேவைப்படாமலே போகட்டும். ஆனா ரிப்போர்ட்டைப் பத்திரமா வைங்க. விலை பயங்கரம், அதையும் சொல்லிடறேன்.

20 மார்ச்

ஆன்லைன்ல "ரிசர்ச் பெப்டைடு" பொடி விக்கறாங்களே, வாங்கலாமான்னு தனிச்செய்தியில கேட்டவருக்கு: வேண்டாம். குப்பியில எழுதின பெப்டைடுதான் உள்ளே இருக்குன்னு சொல்ல மூலக்கூறு எடையை அளக்கற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேணும், உங்க வீட்டுல இருக்காது. ஜிம் பசங்க காயம் ஆறப் போட்டுக்கற சில பெப்டைடு விலங்குகள்ல புது ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டுது. கட்டியும் புது ரத்தக்குழாயை நம்பித்தான் வளருது. புற்றுநோய் வந்தவங்க வீட்டுக்குள்ளயே அதைக் கொண்டு வராதீங்க.

23 மார்ச்

தம்பி, நேத்து ராத்திரி நீங்க போட்டதை இப்பத்தான் பாத்தேன். கீமோ நிக்கல, நல்லது. ஆனா மாமா உங்களுக்குச் சொல்லாமலே ஒரு நாள் கூட்டிட்டுப் போய், இடது கையில நாலஞ்சு கொட்டு வாங்கி வச்சுட்டாருங்கறீங்க. ஆபரேஷனும் இடது பக்கம்தானே? அக்குள்ல நெரிகட்டி எடுத்திருக்காங்களா?

எடுத்திருந்தா அந்தக் கையில நிணநீர் ஓட்டம் ஏற்கெனவே குறைஞ்சிருக்கும். ஊசி, ரத்த அழுத்தப் பட்டை எல்லாத்தையும் முடிஞ்சவரைக்கும் மத்த கையில போடச் சொல்றது அதனாலதான். கொட்டு வாங்கின இடம் சிவந்து, சூடா, நாளுக்கு நாள் பரவுதான்னு பாருங்க. ரெண்டு கையிலயும் மணிக்கட்டுல இருந்து ஒரே தூரத்துல டேப் வச்சு சுத்தளவு எடுங்க, குறிச்சு வைங்க. கீமோவுல வெள்ளையணு குறைஞ்சிருக்கும், சின்னப் புண்ணும் வேகமா சீழ் பிடிக்கும். காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட் தொட்டா அடுத்த கீமோ தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க. அன்னைக்கே, ராத்திரியானாலும், தருமபுரி மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போய் "கீமோ நோயாளி, காய்ச்சல்"னு முதல் வாக்கியத்துலயே சொல்லுங்க. தேனீ கொட்டினதையும் சொல்லணும். மாமாவுக்கு வெக்கமா இருந்தா நீங்க சொல்லுங்க.

பெரியம்மாவுக்கு முன்ன எப்பவாவது தேனீ கொட்டி முகம் வீங்கினதுண்டா, மூச்சு திணறினதுண்டா? அதையும் கேட்டு எழுதுங்க.